வஸ்கானா ஓடையின் நீர்ப்பிடிப்பு எல்லை சரியாக வரவில்லை

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், ரெஜைனா நகரின் ஊடே ஓடும் வஸ்கானா ஓடைக்கு நீர்ப்பிடிப்பு வரைபடம் போடுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். லம்ஸ்டன் அருகே ஓடை குவாப்பெல் ஆற்றில் சேரும் புள்ளியிலிருந்து கணக்கிட்டால், எல்லை அளவுக்கு மீறி விரிகிறது.

காரணம் ஓரளவு புரிகிறது. நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. மேல்பகுதியில் பனியாறுகள் விட்டுப்போன குட்டைகள் ஏராளம். அவற்றில் தேங்கும் பனியுருகு நீர் பல ஆண்டுகளில் ஓடையை எட்டுவதே இல்லை.

கையில் இருப்பது கியூஜிஐஎஸ் 3.34 என்ற வரைபட மென்பொருள், 20 மீட்டர் கட்டங்களாலான நில உயரத் தரவு. தரவிலுள்ள பள்ளங்களை நிரப்பும் கருவியை ஓட்டினேன்: குட்டையெல்லாம் வழிந்து ஓடையோடு சேர்ந்துவிட்டது. நிரப்பாமல் விட்டால் ஓடை துண்டு துண்டாகிறது. அப்புறம் தரவில் ஓடைப் பாதையை 5 மீட்டர் ஆழமாகச் செதுக்கிப் பார்த்தேன். ஓடை ஒழுங்கானது, எல்லை அசையவில்லை. சாலை மேடுகள் வேறு அணை மாதிரி மறிக்கின்றன, அடியில் போகும் குழாய் தரவில் தெரியாது.

இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தில் ஓடைக்கு நீர் தரும் பரப்பை அங்கே தனியாகப் பிரித்துக் காட்டுவார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

எந்தக் குட்டையை நிரப்புவது, எதை அப்படியே விடுவது என்பதை எந்த அளவுகோலில் முடிவு செய்கிறீர்கள்?