மும்பை இண்டர்வியூ முடிஞ்சுது, பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்க... இனிமே என்ன ஆகும்?

கார்த்திகைப்பூ:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிக்க மட்டும் வருவேன், இதுதான் முதல் போஸ்ட், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. போன செவ்வாய்க்கிழமை மும்பை பிகேசில இருக்கற அமெரிக்கன் கான்சலேட்ல எனக்கு இமிகிரன்ட் விசா (அங்கயே குடியேறப் போறவங்களுக்கான விசா) இண்டர்வியூ முடிஞ்சுது. சிஆர்1 கேஸ், அதாவது சிட்டிசனைக் கல்யாணம் பண்ணினவங்களுக்கான விசா, வீட்டுக்காரர் யுஎஸ் சிட்டிசன், ஆஸ்டின்ல இருக்கார். ஒரு கவுண்டர்ல ஒரிஜினல் எல்லாம் வாங்கிப் பாத்துட்டு கைரேகை எடுத்தாங்க, அப்புறம் இன்னொரு கவுண்டர்ல ஆபீசர், வலது கையைத் தூக்கி சத்தியம் பண்ணச் சொன்னாங்க, எப்படி பழக்கம், கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க, அவர் எத்தனை தடவை ஊருக்கு வந்தார்னு நாலே நாலு கேள்வி, அஞ்சு நிமிஷம் கூட ஆகல. ரெண்டு கிலோ கனத்துல ஃபோட்டோ ஆல்பம் தூக்கிட்டுப் போயிருந்தேன், யாரும் தொட்டுக்கூட பாக்கல. "அப்ரூவ்ட்"னு சொல்லி பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டு மேரேஜ் சர்டிஃபிகேட் ஒரிஜினலைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

ஆனா ஸ்டேட்டஸ் சைட்ல பாத்தா அட்மினிஸ்ட்ரேட்டிவ் ப்ராசஸிங்னு, அதாவது இன்னும் பரிசீலனைலன்னு இருக்கு. நேத்தும் அதே, இன்னைக்கும் அதே. தூக்கமே வரல. இவர் என்னடான்னா வர்ற மாசம் 6ஆம் தேதிக்கு டிக்கெட் கம்மியா இருக்கு போட்டுடவான்னு கேக்கறார், 11ஆம் தேதி எங்க ரெண்டாவது கல்யாண நாள், இந்த ரெண்டு வருஷத்துல நாங்க சேர்ந்து இருந்தது மொத்தமே எழுபது நாள்தான், அதுக்காவது ஒண்ணா இருக்கலாம்னு ஆசை. நான் ஆபீஸ்ல இன்னும் பேப்பர் போடல, ஒரு மாசம் நோட்டீஸ் இருக்கு. விசா பேப்பர் எல்லாம் போட்டு ஒட்டின கவர் குடுப்பாங்களாமே, 235 டாலர் ஃபீஸ் எப்ப கட்டணும், ஏர்போர்ட்ல என்ன கேப்பாங்க, ஒண்ணும் புரியல. இன்னொண்ணு, பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம் காலி, என் பேர் அப்பா பேர் ரெண்டும் சேர்ந்து கிவன் நேம்லயே இருக்கு, இதனால ஏதாவது பிரச்சனை வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரிஷிஃப்ட்:
வாழ்த்துக்கள் சிஸ்டர், தூங்குங்க முதல்ல. ஆபீசர் வாயால அப்ரூவ்ட்னு சொல்லி பாஸ்போர்ட்டையும் வெச்சுக்கிட்டா, விசா ப்ரிண்ட் ஆகற வரைக்கும் சைட்ல அப்படிக் காட்டறது சகஜம், எனக்கு மூணு நாள் காட்டிட்டு அப்புறம் இஷ்யூட்னு மாறுச்சு. கவலைப்பட வேண்டியது கையில 221ஜின்னு (விசாவை இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கோம்னு) சீட்டு குடுத்தாதான், அதுக்கு சைட்ல ரெஃப்யூஸ்டுன்னே வரும். 2020 மார்ச்சுக்கு முன்னாடி அதையும் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ப்ராசஸிங்னுதான் காட்டிட்டு இருந்தாங்க, அதனால பழைய த்ரெட்டுங்களைத் தோண்டிப் படிச்சு உங்களை நீங்களே பயமுறுத்திக்காதீங்க. இஷ்யூட்னு வந்த அன்னைக்கே பாஸ்போர்ட் வந்துடாது, எடுத்துக்கலாம்னு மெயில் வந்தப்பறம் பாஸ்போர்ட் குடுக்கற சென்டருக்குப் போங்க. நான் அவசரப்பட்டு முதல் நாளே போய் நின்னுட்டு வெறுங்கையோட திரும்பினவன்.

ஹூஸ்டன்_அக்கா:
தங்கச்சி, நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் இதே மாதிரிதான் உக்காந்து சைட்டை ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருந்தேன் அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். பேப்பர் போடாதீங்க. விசா கைக்கு வர்றதுக்குள்ள வேலையை விடாதீங்க, வீட்டை விக்காதீங்க, காசு திரும்பி வராத டிக்கெட் போடாதீங்கன்னு ஸ்டேட் டிபார்ட்மென்ட்டே எழுதி வெச்சிருக்கு, அப்ரூவ்ட்ங்கறது வார்த்தை, விசாங்கறது அந்தப் பக்கத்துல ஒட்டற ஸ்டிக்கர்.

பாஸ்போர்ட் வந்ததும் சென்டர்லயே ஓரமா நின்னு எழுத்துக்கு எழுத்து படிங்க. பேர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எல்லாம். தப்பு இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி அங்கயே திருத்திக்கணும், இங்க வந்து அலையறது பெரிய பாடு. எக்ஸ்பைரி தேதியைப் பாருங்க, பொதுவா ஆறு மாசம்தான், அதுவும் மெடிக்கல் எடுத்த தேதியை வெச்சு வரும், அதனால நீங்க மெடிக்கலை ரொம்ப முன்னாடியே முடிச்சிருந்தா இன்னும் கம்மியா இருக்கும். அந்தத் தேதிக்குள்ள அமெரிக்கால இறங்கி இருக்கணும், ஊர்ல இருந்து கிளம்பிட்டா போதும்னு நினைச்சுடாதீங்க. கவர் குடுத்தாங்கன்னா பிரிக்கக்கூடாது, ஏர்போர்ட் ஆபீசர்தான் பிரிக்கணும், சூட்கேஸ்ல போடாம ஹேண்ட்பேக்ல வெச்சுக்கோங்க. இப்ப நிறைய பேருக்கு கவரே கிடையாது, விசா மேலயே ஐவி டாக்ஸ் இன் சிசிடின்னு அடிச்சிருக்கும், அதுக்கு அர்த்தம் எல்லா பேப்பரும் கம்ப்யூட்டர்ல போயிடுச்சுன்னு. எக்ஸ்ரே சிடி குடுத்திருந்தா அதையும் கையிலயே வெச்சுக்கோங்க.

235 டாலர் யுஎஸ்சிஐஎஸ் (கிரீன் கார்டு அடிச்சு அனுப்பற அமெரிக்க குடியேற்றத் துறை) ஃபீஸ், விசா வந்தப்பறம் கிளம்பறதுக்கு முன்னாடி யுஎஸ்சிஐஎஸ் சைட்ல கட்டறது. ஏ நம்பரும் (ஏன்னு ஆரம்பிக்கற உங்க பதிவு எண்) பிஎம்பின்னு ஆரம்பிக்கற கேஸ் நம்பரும் வேணும், ரெண்டும் விசாலயே இருக்கும், சிவப்பு கலர்ல இருக்கற நம்பர் அது இல்ல, நான் அதைப் போட்டுட்டு அரை மணி நேரம் ஏன் எரர் வருதுன்னு முழிச்சேன். உங்க வீட்டுக்காரர் அங்க இருந்தே அவர் கார்டுல கட்டலாம். கட்டாம வந்தாலும் உள்ள விடுவாங்க, ஆனா ஃபீஸ் கட்டற வரைக்கும் கிரீன் கார்டு அடிக்க மாட்டாங்க.

ஏர்போர்ட்ல, ஆஸ்டினுக்கு முன்னாடி முதல்ல எந்த ஊர்ல இறங்கறீங்களோ அங்கதான் இமிகிரேஷன். கவுண்டர்ல இருந்து உள்ள வேற ரூமுக்கு அனுப்புவாங்க, பயப்படாதீங்க, இமிகிரன்ட் விசால வர்றவங்க நிறைய பேரை அங்கதான் அனுப்புவாங்க. எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, கேட்டது ஒரே கேள்வி, கார்டு எந்த அட்ரஸுக்கு அனுப்பறதுன்னு. ஃபோனைத் தொடக்கூடாதுன்னு போர்டு, வெளிய நின்ன மனுஷன் பதினாலு தடவை கால் பண்ணி, எனக்கு முன்னாடி இறங்கினவங்களை எல்லாம் நிறுத்தி பச்சை சுடிதார் போட்ட பொண்ணைப் பாத்தீங்களான்னு விசாரிச்சிருக்கார். கனெக்ஷனுக்கு நாலு மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்க. அபுதாபி வழியா வந்தா அமெரிக்க இமிகிரேஷன் அங்கயே முடிஞ்சுடும், அப்ப அந்த நேரத்தை அபுதாபில விடணும். விசா மேல ஸ்டாம்ப் குத்திட்டாங்கன்னா அதுவே ஒரு வருஷத்துக்கு கிரீன் கார்டு மாதிரி, மறுநாளே வேலைக்குக்கூட போகலாம். கார்டு வர்றதுக்கு 90 நாள் வரைக்கும் ஆகலாம்னு போட்டிருப்பாங்க, எனக்கு ஆறு வாரத்துல வந்துச்சு. டிஎஸ்-260ங்கற விசா அப்ளிகேஷன் ஃபார்ம்ல சோஷியல் செக்யூரிட்டி கார்டு வேணும்னு எஸ் போட்டிருந்தா அதுவும் தபால்ல வரணும், எனக்கு வரல, ஆபீஸ்ல போய் க்யூல நின்னு வாங்கினேன்.

கணக்குவாத்தியார்:
எல்லாரும் ஸ்டேட்டஸையும் கவரையும் பேசிட்டு இருக்கீங்க, அந்தப் பொண்ணு எழுதின தேதியை யாராவது கவனிச்சீங்களா? 6ஆம் தேதி டிக்கெட். 11ஆம் தேதி ரெண்டு வருஷம்.

அம்மா, அந்த டிக்கெட்டைப் போட வேண்டாம். அமெரிக்கால நுழையற அன்னைக்கு கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியலைன்னா சிஆர்1, ரெண்டு வருஷ கண்டிஷனல் கார்டு. முடிஞ்சிருந்தா ஐஆர்1, பத்து வருஷ கார்டு. விசால சிஆர்1னு அடிச்சிருந்தாலும் கணக்கு நுழையற நாள்தான். கண்டிஷனல் கார்டு வாங்கிட்டா, அது முடியறதுக்கு முன்னாடி இருக்கற 90 நாளுக்குள்ள கண்டிஷனை எடுக்கச் சொல்லி ஐ-751 ஃபார்ம் போடணும், இப்ப அதுக்கு 750 டாலர், ஜாயிண்ட் பேங்க் அக்கவுண்ட், வாடகை அக்ரிமென்ட், டாக்ஸ்னு நீங்க புருஷன் பொண்டாட்டிதான்னு மறுபடியும் முதல்ல இருந்து நிரூபிக்கணும். அது எவ்வளவு இழுக்குதுன்னா, ரசீது லெட்டரே கார்டை 48 மாசம் நீட்டிக்குதுன்னு எழுதி அனுப்பறாங்க, அதுலயே புரிஞ்சுக்கோங்க. என் மருமகன் கல்யாண நாளுக்கு ஒன்பது நாள் முன்னாடி இறங்கினான். அந்த ஒன்பது நாளுக்கு மூணு வருஷமா ஃபைலைத் தூக்கிட்டு இருக்கான்.

13ஆம் தேதி இறங்கற மாதிரி போடுங்க. 11ஆம் தேதியே இறங்கறேன்னு விளிம்புல நிக்காதீங்க. மேரேஜ் சர்டிஃபிகேட் கையில இருக்கட்டும், ஆபீசர்கிட்ட ரெண்டு வருஷம் முடிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க, ஸ்டாம்ப்ல ஐஆர்1னு எழுதறாரான்னு அங்கயே பாருங்க.

ராத்திரிஷிஃப்ட்:
சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி, நான் அதைக் கவனிக்கவே இல்ல. கல்யாண நாள் அன்னைக்கு வீடியோ கால்லயே கேக் வெட்டிக்கோங்க சிஸ்டர்.

கார்த்திகைப்பூ:
கணக்குவாத்தியார் சார், உங்க போஸ்ட்டை அப்படியே அவருக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் பதிலே இல்ல. அப்புறம் "ரெண்டு வருஷத்தோட ஒரு வாரம் சேத்து காத்திருந்தா போச்சு"ன்னு அனுப்பினார். எனக்கு அழுகையா வந்துச்சு, ஆனா டிக்கெட் போடல.

தென்காசித்தென்றல்:
நல்ல வேளை உங்க கேஸ் சுலபமா முடிஞ்சுது. இதைப் படிக்கற மத்தவங்களுக்காக எங்க அப்பா அம்மா கதை. அண்ணன் சிட்டிசன், அவன் ஸ்பான்சர் பண்ணான், ஐஆர்5. இண்டர்வியூல அம்மாவுக்கு ஓகே, அப்பாவுக்கு 221ஜி சீட்டு, ஏன்னா அண்ணனோட டாக்ஸ் பேப்பர் பழைய வருஷத்தோடது, அப்பாவோட பிசிசியும் (போலீஸ் சர்டிஃபிகேட்) காலாவதி. நாங்க விசாவே போச்சுன்னு நினைச்சுட்டோம். அப்படி இல்ல, சீட்டுல டிக் பண்ணின பேப்பரை அதுலயே போட்டிருக்கற வழில அனுப்பினா கேஸ் நகரும், அதுக்கு ஒரு வருஷம் டைம், அந்த ஒரு வருஷத்தைத் தாண்டினா மறுபடி முதல்ல இருந்து அப்ளை பண்ணி ஃபீஸ் கட்டணும். கேட்டதை மட்டும் அனுப்புங்க, எங்க அண்ணன் எதுக்கும் இருக்கட்டும்னு இருபத்தஞ்சு பேப்பர் அனுப்பி அதுல ஒரு பழைய அட்ரஸ் வேற மாதிரி இருந்து அதுக்குத் தனியா விளக்கம் எழுத வேண்டியதாப் போச்சு.

சில பேருக்கு டிஎஸ்-5535ன்னு கேள்வி வரும், கடைசி 15 வருஷத்துல இருந்த வீடு, பாத்த வேலை, போன நாடு எல்லாம் கேப்பாங்க. அது வந்தா எத்தனை நாள்னு கேக்காதீங்க, யாராலயும் சொல்ல முடியாது. இதுல மெடிக்கல் காலாவதி ஆயிட்டா திரும்ப எடுக்கணும். எங்க சித்தப்பாவுக்கு மெடிக்கல்லயே மாட்டிக்கிச்சு, எக்ஸ்ரேல ஏதோ நிழல், மூணு நாள் காலைல சளி எடுத்துக் குடுத்துட்டு கல்ச்சர் ரிசல்ட்டுக்கு எட்டு வாரம் காத்திருந்தார், கடைசில ஒண்ணுமில்ல.

இன்னொண்ணு, குடும்ப விசால எஃப்1, எஃப்2பி மாதிரி கல்யாணம் ஆகாத பிள்ளைங்க கேட்டகிரில விசா வாங்கினவங்க, கையில விசா இருக்கேன்னு கிளம்பறதுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணிடாதீங்க. அந்த விசா செல்லாமப் போயிடும். மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படுத்துவாங்க, அவங்களுக்கு இது தெரியாது.

எஃப்என்யு_நான்தான்:
என் ஐடியைப் பாத்தாலே தெரியும், சர்நேம் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும். நம்ம ஊர்ல இனிஷியல்தான், சர்நேம்னு ஒண்ணு ஏது. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா விசால உங்க முழுப் பேரையும் சர்நேம்ல போட்டுட்டு, கிவன் நேம்ல எஃப்என்யுன்னு அடிச்சுடுவாங்க, ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்னு அர்த்தம். விசாவுக்கு ஒரு பாதிப்பும் இல்ல, உள்ளயும் விடுவாங்க. ஆனா அதே பேர் கிரீன் கார்டுல வரும், சோஷியல் செக்யூரிட்டில வரும், லைசென்ஸ்ல வரும், இன்ஷூரன்ஸ்ல வரும். ஆஸ்பத்திரில நர்ஸ் கதவைத் திறந்து "ஃப்னூ... ஃப்னூ..."ன்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க, நான் யாரையோ கூப்பிடறாங்கன்னு மேகசின் படிச்சுட்டு உக்காந்திருந்தேன். மூணாவது தடவைதான் அது நான்னு உறைச்சுது.

இண்டர்வியூ முடிஞ்சு பாஸ்போர்ட்டும் உள்ள இருக்கு, இப்ப அதைக் கிளறாதீங்க. டிக்கெட்ல மட்டும் பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே வரட்டும். அப்புறம் சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணும்போது பேரை மாத்திக் கேக்கலாம், நான் அதுக்குத்தான் காத்திருக்கேன். இண்டர்வியூவுக்கு முன்னாடி, இன்னும் என்விசிலயே (நேஷனல் விசா சென்டர்) கேஸ் இருக்கறவங்க இதைப் படிச்சா இப்பவே பாஸ்போர்ட்ல பேரை சர்நேம், கிவன் நேம்னு பிரிச்சு மாத்தி வாங்கிடுங்க.

கார்த்திகைப்பூ:
அப்டேட்! வெள்ளிக்கிழமை இஷ்யூட்னு மாறுச்சு, இன்னைக்கு பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சு. ஹூஸ்டன் அக்கா சொன்ன மாதிரி வாசல்லயே நின்னு ஒவ்வொரு எழுத்தா படிச்சேன், செக்யூரிட்டி அண்ணன் ரெண்டு தடவை ஓரமா போம்மான்னார். கவர் இல்ல, ஐவி டாக்ஸ் இன் சிசிடின்னு இருக்கு. கேட்டகிரி சிஆர்1தான். எக்ஸ்பைரிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. 13ஆம் தேதி டாலஸ்ல இறங்கற மாதிரி டிக்கெட் போட்டாச்சு, ஆஸ்டின் ஃப்ளைட்டுக்கு நடுவுல அஞ்சு மணி நேரம். 235 டாலரை அவர் ராத்திரியே கட்டிட்டார். நாளைக்கு ஆபீஸ்ல சொல்லப் போறேன், நோட்டீஸ்ல மிச்சம் இருக்கற நாளை லீவுல கழிச்சுக்கச் சொல்லிக் கேக்கணும். ஆமா, நானும் எஃப்என்யு ஆயிட்டேன்.

எஃப்என்யு_நான்தான்:
சங்கத்துக்கு வருக வருக! உடனே ஒண்ணு பண்ணுங்க, அவர்கிட்ட சொல்லி அபார்ட்மென்ட் மெயில்பாக்ஸ்ல உங்க பேரை ஒட்டச் சொல்லுங்க. பாக்ஸ்ல இல்லாத பேருக்கு வந்த கார்டை சில போஸ்ட்மேன் திருப்பி அனுப்பிடுவாங்க. செல்லப் பேர் எல்லாம் வேண்டாம், விசால இருக்கற பேரு.

கார்த்திகைப்பூ:
ஒட்டிட்டு ஃபோட்டோ அனுப்பியிருக்கார். அவர் பேருக்குக் கீழ ஸ்கெட்ச் பேனால பெருசா எஃப்என்யு, அதுக்குப் பக்கத்துல எங்க அப்பா பேரு வரைக்கும் முழுசா. கட்டம் பத்தாம கடைசி ரெண்டு எழுத்து பக்கத்து வீட்டு பாக்ஸ் மேல ஏறியிருக்கு.