ஒரே பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர்: 0.44 வோல்ட்டை யார் எடுத்தது?

இரவுப்பாடம்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிறேன், ஊர் பட்டுக்கோட்டை. இந்த வருஷம் ஆன்லைனில் டிப்ளமா சேர்ந்திருக்கிறேன். முதல் பாடமே டிசி சர்க்யூட். சாப்பாடு முடித்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு, டார்மிட்டரியில் மேல்கட்டிலில் ஏறி இயர்போனை மாட்டினால் மணி பத்தாகிவிடும். ஓம் விதியும் கிர்க்காஃப் விதியும் பிளஸ் டூவில் தமிழில் படித்ததுதான். ஆனால் வீடியோவில் அவர் பாட்டுக்கு 'டிராப், டிராப்' என்று சொல்லிக்கொண்டே போகிறார். மின்னழுத்த வீழ்ச்சியைத்தான் சொல்கிறார் என்று மூன்றாவது வீடியோவில்தான் எனக்கு உறைத்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பாடத்தில் ஒரு சிமுலேட்டர் கொடுத்திருக்கிறார்கள். திரையில் ரெசிஸ்டரை (மின்தடையை) இழுத்து வைத்தால் வோல்ட்டேஜ் காட்டும். எனக்குக் கையில் தொட்டுப் பார்க்காமல் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜூ கூனில் ரயில் ஏறி பூகிஸில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள் இருக்கிற சிம் லிம் டவருக்குப் போனேன். (முதலில் சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைந்து, லேப்டாப் கடைகளுக்கு நடுவே ரெசிஸ்டர் கேட்டு முழித்தது தனிக்கதை.) சால்டர் பண்ணாமல் சொருகிப் பார்க்கிற பிரெட்போர்டு ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர் ஒரு பாக்கெட், 1 மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) ஒரு பாக்கெட். மீட்டர் என்னிடமே இருக்கிறது, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்.

பேட்டரி தனியாக 9.30 காட்டியது. இரண்டு 1 கே ரெசிஸ்டரை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றின் குறுக்கேயும் அளந்தேன். 4.65, 4.65. கூட்டினால் 9.30. அடுத்து அதே இடத்தில் 1 மெகா ஓம் இரண்டு. கீழே இருப்பதில் 4.43. மேலே இருப்பதிலும் 4.43. கூட்டினால் 8.86தான் வருகிறது. பேட்டரியைத் திரும்ப அளந்தால் அதே 9.30. மீதி 0.44 வோல்ட் எங்கே போனது? மூடிய சுற்றில் எல்லா வீழ்ச்சியும் சேர்ந்தால் பேட்டரி வோல்ட்டேஜுக்குச் சமமாக இருக்க வேண்டாமா? சிமுலேட்டரில் இதையே போட்டால் 4.65, 4.65 என்று சமர்த்தாகக் காட்டுகிறது.

பாடத்தின் கேள்விப் பகுதியில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரி பதில்: "இணைப்புகளைச் சரிபார்க்கவும்." பத்து வருஷமாக வயர் கட்டித்தான் சோறு தின்கிறேன். இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது.

யீஷூன்_மணி:

ரெசிஸ்டரில் நாலாவது பட்டை தங்க நிறமா என்று பாருங்கள். அப்படியென்றால் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். உங்களுக்கு விட்டுப்போனதும் கிட்டத்தட்ட 5 சதவீதம்தானே? இல்லாவிட்டால் பேட்டரி மட்டமாக இருக்கும்.

இரவுப்பாடம்:

தங்கப் பட்டைதான் அண்ணே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒன்று 0.95 மெகா, இன்னொன்று 1.05 மெகா என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றில் குறைந்தது மற்றதில் கூடத்தானே வேண்டும்? பங்கு மாறலாம், மொத்தம் எப்படிக் குறையும்? பேட்டரி மட்டமென்றால் 1 கே போட்டபோதுதான் விழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் 4.65 மில்லி ஆம்பியர் இழுத்தது. இப்போது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இழுக்கிறது.

ஊசிமீட்டர்:

தம்பி, நீ மணிக்குச் சொன்ன பதிலிலேயே பாதி தூரம் வந்துவிட்டாய். முப்பத்திரண்டு வருஷம் பட்டறையில் சால்டரிங் பிடித்தவன் சொல்கிறேன். இப்போது பீடோக்கில் பேரனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த ஒன்றையே கேட்கிறேன். தளத்தில் பிரேக்கரை இறக்கிய பிறகும், எதிலும் இணைக்காமல் தொங்குகிற வயரில் டிஜிட்டல் மீட்டரை வைத்தால் 60, 80 வோல்ட் என்று காட்டுமே, பார்த்திருக்கிறாயா? டெஸ்ட் லேம்ப்பை வைத்த உடனே அது காணாமல் போய்விடும். ஏன்? பக்கத்து வயரிலிருந்து வருகிற துளி கரண்டே மீட்டருக்குப் போதும், அது அவ்வளவு குறைவாக இழுக்கிற சாதனம். விளக்குக்கு அது போதாது. (இதைப் படித்துவிட்டு மீட்டர் காட்டுவதெல்லாம் பேய் வோல்ட்டேஜ் என்று எவனும் வயரில் கை வைக்காதீர்கள். சோதித்த பிறகுதான் கை.)

குறைவாக இழுக்கும் என்றால் இழுக்கவே இழுக்காது என்று அர்த்தமில்லை. உன் மீட்டருக்குள்ளும் ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. வோல்ட் ரேஞ்சில் பெரும்பாலான டிஜிட்டல் மீட்டருக்கு அது 10 மெகா ஓம். 1 கே பக்கத்தில் 10 மெகா வந்து நின்றால் ஈ உட்கார்ந்த மாதிரி. 1 மெகா பக்கத்தில் வந்து நின்றால் பங்காளி வந்த மாதிரி, தன் பாகத்தைக் கேட்கும்.

எங்கள் காலத்து ஊசி மீட்டரில் டயலின் மூலையில் வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று அச்சடித்திருக்கும். 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் மொத்தமே 200 கிலோ ஓம்தான். அதை வைத்து உன் சர்க்யூட்டை அளந்திருந்தால் 4.43 இல்லை, 1.33 காட்டியிருக்கும். அந்த எண்ணை ஒப்பிக்காமல் எங்கள் சூப்பர்வைசர் மீட்டரைக் கையில் தரமாட்டார்.

கவி_செங்காங்:

நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. அண்ணாவுக்காகக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

கீழ் ரெசிஸ்டரில் மீட்டரை வைத்ததும் 1 மெகாவும் 10 மெகாவும் பக்க இணைப்பாகிவிடுகின்றன. 1 × 10 ÷ 11 = 0.909 மெகா. மேலே 1 மெகா அப்படியே இருக்கிறது. கீழே கிடைக்கிற பங்கு 9.30 × 0.909 ÷ 1.909 = 4.43. நீங்கள் பார்த்த அதே எண். அந்த நிமிஷத்தில் மேல் ரெசிஸ்டரில் 4.87 வோல்ட் இருந்திருக்கிறது. 4.43 + 4.87 = 9.30. கிர்க்காஃப் தப்பவில்லை. ஆனால் அந்த 4.87-ஐ நீங்கள் பார்க்க முடியாது, மீட்டரை மேலே கொண்டுபோன உடனே மேலே 4.43 ஆகிவிடும், 4.87 கீழே இறங்கிவிடும். நீங்கள் அளந்தது ஒரு சர்க்யூட் இல்லை அண்ணா, இரண்டு வேறு சர்க்யூட். ஒன்றிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து ஒன்றும் எடுத்துக் கூட்டியிருக்கிறீர்கள்.

கரண்ட்டை வைத்துப் பார்த்தால் இன்னும் அழகு. கீழ் ரெசிஸ்டரில் 4.43 மைக்ரோ ஆம்பியர், மீட்டர் வழியாக 4.43 ÷ 10 = 0.44 மைக்ரோ ஆம்பியர். சந்திப்பில் இரண்டும் சேர்ந்து மேல் ரெசிஸ்டரில் 4.87. அந்த 0.44 மைக்ரோ ஆம்பியரை 1 மெகாவால் பெருக்கினால் 0.44 வோல்ட். தலைப்பில் கேட்டீர்களே, இதுதான் அது.

சிமுலேட்டரில் இருக்கிற வோல்ட்மீட்டருக்கு உள்மின்தடை முடிவிலி என்று வைத்திருப்பார்கள். அதனால்தான் அது சமர்த்து. மீட்டருக்கு இணையாக நீங்களே ஒரு 10 மெகா ரெசிஸ்டரை அதில் வரைந்து பாருங்கள், அங்கேயும் 4.43 வரும்.

இன்னொன்று. கிர்க்காஃப் இந்த விதிகளை எழுதியது 1845-இல், அப்போது அவர் மாணவர், வயது 21. இதைக் கேட்டதிலிருந்து என் அசைன்மென்ட்டைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஊசிமீட்டர்:

பாப்பா சரியாகப் போட்டிருக்கிறது. தம்பி, நாங்கள் சொன்னதை நம்பாதே, கையால் பார். இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது, பேட்டரி, ஒரே ஒரு 1 மெகா, மீட்டர், மூன்றையும் வரிசையாகக் கட்டு. சிமுலேட்டர் கணக்குப்படி முழு 9.30 காட்ட வேண்டும். எவ்வளவு காட்டுகிறது என்று சொல். இரண்டாவது, யாரிடமாவது இன்னொரு டிஜிட்டல் மீட்டர் கடன் வாங்கி, இரண்டு ரெசிஸ்டரிலும் ஒரே நேரத்தில் வை.

யீஷூன்_மணி:

நான் பேட்டரியைக் குறை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இத்தனை நாளும் மீட்டர் வெறுமனே வேடிக்கை பார்க்கிற ஆள் என்றே நினைத்திருந்தேன்.

இரவுப்பாடம்:

நேற்று ஓவர்டைம் முடிந்து வர ஒன்பதரை ஆகிவிட்டது. இன்றைக்குத்தான் செய்தேன்.

முதல் சோதனையில் 8.45 வந்தது. 9.30-ஐ 11 பங்காக்கி 10 பங்கு எடுத்தால் 8.45 வருகிறது. அப்படியானால் என் மீட்டருக்குள் இருப்பது 10 மெகாவேதான். ஏழு வருஷமாக இதே மீட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாவதற்கு, கீழ்க்கட்டில் அறந்தாங்கிக்காரரிடம் அவர் மீட்டரை வாங்கினேன். "பத்து வெள்ளி பேட்டரிக்கு ரெண்டு மீட்டராடா?" என்றார். பேட்டரி அவ்வளவு விலை இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டையும் வைத்தேன். மேலே 4.66, கீழே 4.64. கூட்டினால் 9.30! அப்புறம் அவர் மீட்டரின் ஒரு முனையை மட்டும் எடுத்தேன். என் மீட்டரில் 4.64 சட்டென்று 4.43-க்கு இறங்கியது. திரும்ப வைத்தால் ஏறியது. அவருக்கும் சுவாரஸ்யம் பிடித்துவிட்டது, எழுந்து உட்கார்ந்து முனையை வைக்கவும் எடுக்கவுமாக இருந்தார். அவர் என் கரண்ட்டைத் திருடுகிறார் என்று நானும், நான்தான் திருடுகிறேன் என்று அவரும். லைட் அணைக்கச் சொல்லி எதிர்க்கட்டிலிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினோம்.

ஐயா, ஒரு சந்தேகம் பாக்கி. அப்படியென்றால் எத்தனை ஓம் வரை மீட்டரை நம்பலாம்?

ஊசிமீட்டர்:

அடுத்த ஞாயிறு 100 கே இரண்டு வாங்கிப் போடு. 4.65-க்குப் பதில் 4.63 வரும். அரை சதவீதம்கூட முழுசாக இல்லை. அந்தப் பிழை உன் வேலைக்குப் பரவாயில்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். வெறும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பவனுக்கு ஒரு கணக்கு, சென்சார் சரிசெய்பவனுக்கு வேறு கணக்கு. ரெசிஸ்டர் வாங்க டவருக்குப் போ, ஸ்குவேருக்குப் போகாதே.