பம்புசெட்டுச் சத்தத்தை வெட்டியது யார்?

கொள்ளிடக்கரை:
போன செவ்வாய்க்கிழமை கும்பகோணத்தில் திருவையாறு பஸ் ஏறினேன். கபிஸ்தலம் தாண்டியதும் பஸ் டிவியில் ஒரு மனை விற்பனை விளம்பரம் ஓடியது. கூடவே ஒரு கிட்டார் மெட்டு. கேட்ட மாத்திரத்தில் பிடிபட்டுவிட்டது. நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் போட்ட பாட்டு. பேர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு நிமிடப் பாட்டு அது. ஆரம்பத்தில் அரை நிமிடத்துக்கு வெறும் பம்புசெட்டு ஆயில் எஞ்சின் சத்தம்தான், வயலுக்கே போய் போனில் பதிந்தது. அந்த எஞ்சின் போடுகிற அடியையே டிரம்ஸ் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பேஸ் கிட்டார், அப்புறம்தான் மற்ற கிட்டார். பழைய எஞ்சின் சீராக ஓடாது, ஐந்தாறு அடிக்கு ஒருமுறை லேசாக இழுக்கும். டிரம்ஸ் வாசித்த பையன் அந்த இழுப்பையும் விடாமல் பிடித்திருப்பான். கம்ப்யூட்டரில் போட்டு நேராக்கவில்லை. இரண்டாவது சரணத்தில், வயலை விற்றுவிட்டால் தவளை எங்கே போய்க் கத்தும் என்று ஒரு கேள்வி வரும். இருபது வருடமாக ராக் கேட்கிறேன். நான் நின்று வளர்ந்த வரப்பிலிருந்தே ஒரு ராக் பாட்டு எழுந்து வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

விளம்பரத்தில் எஞ்சின் இல்லை, அந்த இடத்தில் புல்லாங்குழல். தவளையும் இல்லை, 'இந்த மனையை வாங்கிவிட்டால்' என்று வேறு வரி. வயலை விற்காதே என்று எழுதிய பாட்டை வைத்து வயலைக் கூறுபோட்டு விற்கிறார்கள்.

1988-இல் ராக் பாடகர் நீல் யங், கம்பெனி விளம்பரத்துக்குப் பாடமாட்டேன் என்று ஒரு பாட்டே போட்டார். எம்டிவி என்ற இசைச் சேனல் முதலில் அந்த வீடியோவைப் போட மறுத்தது. அடுத்த வருடம் அதே எம்டிவி அதற்கே ஆண்டின் சிறந்த வீடியோ விருதைக் கொடுத்தது. மாட்டேன் என்று சொல்கிறவனுக்கு மரியாதை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நம்ம பசங்க அதுவரை பொறுக்கவில்லை. எனக்கு ஆத்திரத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

பேட் வாசிப்பவன்:
அண்ணே, வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் தாளக் கருவி) வாசிக்கிறேன், பதினோரு வருடமாக. தை பிறந்தால் கல்யாணமும் திருவிழாவும், ஆடியில் மாரியம்மன் கோயில்கள். மார்கழியில் வீட்டில்தான். ஒரு கச்சேரிக்கு 2,000 ரூபாய் கையில் வந்தால் நல்ல நாள்.

நீல் யங் மறுத்தபோது அவர் ஏற்கெனவே இருபது வருடமாகப் பெரிய ஆள். மறுப்பதற்கு அவரிடம் ஏதோ இருந்தது. அந்த நாலு பசங்களிடம் என்ன இருக்கிறது? அவர்கள் பாட்டு இணையத்தில் இருக்கிறது, எல்லோரும் சும்மா கேட்கிறோம். நீங்கள் அந்தப் பாட்டுக்கு என்ன கொடுத்தீர்கள் அண்ணே? கோபப்படாமல் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. ஒன்றும் கொடுக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் இலவசமாகக் கேட்டேன், அப்புறம் போனில். அது என் தப்பு.

ஆனால் காசு வாங்கியதைப் பற்றி நான் பேசவே இல்லை. ராக் வரலாற்றில் காசு வாங்காத உத்தமர் யாரும் கிடையாது. தி கிளாஷ் என்ற ராக் குழு பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில்தான் இருந்தார்கள். ஆனாலும் 1979-இல் இரட்டை இசைத்தட்டை ஏறக்குறைய ஒரு தட்டின் விலைக்கே விற்கவைத்தார்கள். பூகாஸி குழு வாஷிங்டனில் தங்கள் ஆட்களே நடத்திய சின்ன நிறுவனத்தில் இருந்துகொண்டு, ஐந்து டாலர் டிக்கெட்டில் வருடக்கணக்காக மேடையேறியது. நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் 606 டாலரில் பதிவானது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர் அதில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை, ஆனாலும் அட்டையில் அவர் பெயரும் படமும் உண்டு. நன்றிக்காகப் போட்டார்கள். பாட்டுக்குள் அவர் கை வைக்கவில்லை. நான் கேட்பது அவ்வளவுதான். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது?

சவுண்ட் சர்வீஸ்:
நிர்வாணா பேச்சை எடுத்ததால் ஒன்று. 1991 ஆல்பம் உலகமெல்லாம் விற்ற பிறகு, 1993-இல் வேண்டுமென்றே கரடுமுரடாக ஒலிக்கட்டும் என்று ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் போனார்கள். அந்த மனுஷன் தனக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று கடிதமே எழுதினார். முப்பது வருடமாக மைக் கட்டுகிற எனக்கு அவர் பெயரைக் கேட்டாலே கை கூப்பத் தோன்றும். ஆனால் கடைசியில் என்ன ஆனது? கம்பெனிக்குத் திருப்தியில்லை. குழுவுக்கும் சந்தேகம் வந்தது. இரண்டு பாட்டை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்துதான் வெளியிட்டார்கள். உலகத்திலேயே பெரிய குழு அன்றைக்கு அதுதான். அவர்களாலேயே கத்தரியை முழுசாகக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நம்ம பசங்களிடம் அதை எதிர்பார்ப்பது ஞாயமா சார்?

கொள்ளிடக்கரை:
இரண்டு பாட்டின் ஒலியை மாற்றினார்கள், வார்த்தையை மாற்றவில்லை. பாட்டு எதற்கு எதிராக நின்றதோ அதற்கே கூவி விற்கவும் வைக்கவில்லை. எனக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காவிரியே ஓடுகிறது.

சீவாளி:
கொஞ்சம் பேசலாமா? நாங்கள் திருவாவடுதுறைப் பக்கம், நாயனக் (நாதஸ்வரக்) குடும்பம். நான் வாசிப்பதை விட்டுவிட்டேன், அண்ணன் இன்னும் வாசிக்கிறார். எது 'அசல்', எது இல்லை என்று இங்கே எல்லோரும் சுலபமாகப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமில்லை.

இன்றைக்கு நீங்கள் கேட்கிற நாயனம் பெரும்பாலும் பாரி. நீளம் கூட, சுருதி கீழே. அதற்கு முன்னால் இருந்தது திமிரி, குட்டையானது, உச்சத்தில் கத்தும். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குத் தன் வாசிப்புக்கு ஏற்ற சுருதி வேண்டும் என்று தோன்றியது. நரசிங்கம்பேட்டை ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கடைந்து பார்த்து அதைக் கொண்டுவந்தார். அந்த நாயனம்தான் இப்போது 'பாரம்பரியம்'. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் அது புதுசு, ஒரு பெரிய வித்வானின் ஆசைக்காகச் செய்த புதுசு.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி புறப்பாட்டில் விடிய விடிய அவர் வாசித்த தோடியைப் பற்றித் தாத்தா சொல்லும்போது குரல் மாறிவிடும். அதே தோடியை இசைத்தட்டுக்கும் வாசித்தார். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஓடும். கடல் மாதிரி விரிகிற ராகத்தைச் செம்புக்குள் அடைத்துக் கொடுத்தார். விற்பனைக்காகத்தான் கொடுத்தார். அந்தத் தட்டு இல்லையென்றால் அந்தத் தோடி என் காதுக்கு வந்திருக்காது. அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு ஜானகி அம்மா பாட்டோடு சேர்த்து வாசித்தார். நாயனம் என்றாலே கல்யாணச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அதைக் கேட்டுத்தான் நின்றார்கள். சினிமாவுக்கு வாசித்துவிட்டாரே என்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. பெருமைப்பட்டார்கள்.

பேட் வாசிப்பவன்:
ஐயா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொள்ளிடக்கரை:
ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாரி, திமிரி விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் எந்தப் பிடியை வைப்பது, எதை விடுவது என்று யார் முடிவு செய்தார்கள்? பிள்ளைவாள்தானே! செம்பின் அளவு கம்பெனிக்காரனுடையது, அதற்குள் ஊற்றிய தண்ணீர் அவருடையது. புதுசு கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதரே வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் நோட்டு சுவரம் எழுதியிருக்கிறார். கிட்டார் நம்முடையது இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்துப் போடுவது அதைத்தான். மெட்டு எங்கிருந்து வந்தாலும் சாகித்தியம் அவருடையது. யாரோ ஒரு வியாபாரி வந்து தீட்சிதர் வரியை அழித்துத் தன் கடைப் பெயரை எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

சவுண்ட் சர்வீஸ்:
திருவையாற்றுப் பக்கம் போகிறவர், தியாகராஜரை இன்னும் இழுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிதி பெரிதா, ராமன் சந்நிதி பெரிதா என்று பாடியவர் அல்லவா?

சீவாளி:
அவரை இழுக்க வேண்டாம் சார். அவர் தெருவில் பாடிக்கொண்டே உஞ்சவிருத்தி எடுத்தார், ஊர் அரிசி போட்டது. எங்கள் தாத்தாவுக்குக் கோயிலில் நெல் அளந்தார்கள். ஊர் போட்டதால் அரண்மனைக்குப் போக வேண்டாம் என்று ஒருவர் சொல்ல முடிந்தது. இப்போது ஊர் எதைப் போடுகிறது? கல்யாணத்தில் அண்ணன் வாசிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் போனைப் பார்க்கிறார்கள். முகூர்த்தம் முடிந்ததும் செண்டை மேளம் வந்துவிடுகிறது. கொள்ளிடக்கரைத் தம்பி சொல்கிற கத்தரிக்கோல் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கத்தரி கம்பெனிக்காரன் கைக்குப் போவதற்கு முன்னால் நாம் எல்லோரும் கையை விட்டுவிட்டோம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாலில் ஒருவன்:
அந்தப் பாட்டில் பேஸ் வாசித்தது நான்தான். யாரோ லிங்க் அனுப்பினார்கள். பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

எங்களுக்கு மொத்தம் 40,000 ரூபாய் கொடுத்தார்கள், நாலு பேருக்கும் சேர்த்து. ஆளுக்குப் பத்தாயிரம். என் பங்கில் ஆம்ப் சரிசெய்தேன், மீதியை வீட்டில் கொடுத்தேன். வாங்கியதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் எஞ்சின் சத்தத்தை எடுக்கப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மெட்டை மட்டும் பின்னால் ஓடவிடுவோம் என்றுதான் வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் 'தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை. வரி மாறியதை நானும் உங்களைப் போலத்தான் தெரிந்துகொண்டேன், ஒரு டீக்கடை டிவியில். பாட்டு எழுதியவன் இன்றுவரை எங்களோடு சரியாகப் பேசவில்லை.

கொள்ளிடக்கரை:
தம்பி, முதலில் மன்னித்துவிடு. 'பொறுக்கவில்லை' என்று எழுதியது தப்பு. அந்த வரியை நீக்கவில்லை, நான் எழுதியது இருக்கட்டும், உன் பதிலும் கீழே இருக்கட்டும்.

மன்னார்குடி வக்கீல்:
தொழில்முறையில் ஒரு விஷயம். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 57-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. அவர் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் எதிர்க்கவும் உரிமை உண்டு. அப்புறம் 2012 திருத்தம். ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டுக்கும் மெட்டுக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது சொல்கிறது. 'மாற்றிக்கொள்ளலாம்' என்ற வரி இருப்பதால் எதிர்த்தரப்பும் வாதாடும். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் மேற்கொண்டு சொல்ல மாட்டேன். பாட்டு எழுதியவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், இதற்குப் பீஸ் வேண்டாம்.

பேட் வாசிப்பவன்:
நோட்டீஸ் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸ் அனுப்பிய பசங்களை அடுத்து எந்தக் கடைக்காரரும் கூப்பிடமாட்டார். அந்த வருடத்துக்கு அவர்களுக்கு யார் மேடை கொடுப்பது? என் பேச்சு இன்னும் மாறவில்லை அண்ணே.

கொள்ளிடக்கரை:
மாற வேண்டாம். நீ கேட்ட முதல் கேள்வி என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. எங்கள் தெருவில் பங்குனியில் திருவிழா. வருடா வருடம் இன்னிசைக் கச்சேரிக்கு வசூல் செய்கிறோம். இந்த வருடம் ஒரு மணி நேரம் இவர்களுக்குக் கேட்டு வாங்கப்போகிறேன். சினிமாப் பாட்டு ஒன்றும் வேண்டாம், அவர்கள் பாட்டு மட்டும். வசூல் நோட்டில் முதல் வரியில் என் 5,000 இருக்கும். பேட் வாசிக்க நீயும் வா, உன் சம்பளத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

சவுண்ட் சர்வீஸ்:
மைக் செட் என் பொறுப்பு. டீசல் காசு மட்டும் கொடுங்கள்.

சீவாளி:
நாலில் ஒருவன் தம்பி, அந்த எஞ்சின் இன்னும் இருக்கிறதா? பதிவை நேற்று இரவு கேட்டேன். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு சுருதி நிற்கிறது. பாரி நாயனத்துக்குக் கிட்டே வருகிற மாதிரி தோன்றியது. அண்ணனிடமும் போட்டுக்காட்டினேன், அவர் சீவாளியை (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) எடுத்து நனைக்க ஆரம்பித்துவிட்டார்.

நாலில் ஒருவன்:
இருக்கிறது ஐயா, மாமா கொட்டகையில். கரண்ட் மோட்டார் வந்த பிறகு ஓட்டுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஓட்டிக்காட்டுகிறேன். டீசல் ஊற்றி இரண்டு மூன்று தடவை சுற்றினால்தான் பிடிக்கும்.