கன்ஸ் அன் ரோசஸ்: நீங்கள் நேரில் கண்டது எந்தக் குழுவை?

ஆட்கள் பலமுறை மாறிய இந்த அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றி நம் உறுப்பினர்கள் மூவர் எழுதியவை:

கோயம்புத்தூரிலிருந்து:

2012 டிசம்பரில் இக்குழு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது பெங்களூரு நிகழ்ச்சியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேடையில் எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுள் 1987-இல் வெளியான முதல் இசைத்தொகுப்பான ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ பதிவில் இருந்தவர் பாடகர் ஆக்ஸல் ரோஸ் ஒருவர்தான். விசைப்பலகையில் அமர்ந்திருந்த டிஸ்ஸி ரீட்கூட 1990-இல்தான் வந்து சேர்ந்தவர். முன்னணிக் கிதார் வாசித்த ஸ்லாஷ் 1996-இலும், பேஸ் கிதார் வாசித்த டஃப் மெக்கேகன் 1997-இலும் விலகிவிட்டார்கள். குழுவின் பெயருக்கான உரிமை தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஆக்ஸலின் கைக்குப் போய்விட்டதால், ஆட்கள் எல்லாரும் மாறிய பிறகும் அதே பெயரில் அவரால் தொடர முடிந்தது.

ஸ்லாஷ் தனியாக வாசித்த பகுதிகளை அன்று மூன்று கிதார் கலைஞர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். தொப்பி அணிந்திருந்த டி.ஜே. அஷ்பா மீதே கூட்டத்தின் கண் இருந்தது. எனக்கு வியப்பளித்தவர் பம்பிள்ஃபுட் எனப்படும் ரான் தால். அவருடைய கிதாருக்கு இரண்டு கழுத்துகள். ஒன்றில் மட்டுமே சுர இடங்களைப் பிரிக்கும் கட்டைகள் (ஃபிரெட்) இருக்கும். கட்டையில்லாத கழுத்தில் விரலை வழுக்கியபடி அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போன விதத்தை, நம் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ‘இது உண்மையான குழுவே அல்ல’ என்று அருகில் நின்ற ஒருவர் நிகழ்ச்சி முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு பாட்டையும் விடாமல் உடன் பாடினார்.

சென்னையிலிருந்து:

‘உண்மையான குழு’ என்று நாம் சொல்வதே 1985 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குழு அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். எல்.ஏ. கன்ஸ், ஹாலிவுட் ரோஸ் என்ற இரு குழுக்களைச் சேர்ந்தவர்கள் கூடி ஆரம்பித்தபோது முன்னணிக் கிதார் ட்ரேசி கன்ஸிடம் இருந்தது. ஓரிரு மாதங்களிலேயே அவரும், பேஸ் வாசித்தவரும், டிரம்ஸ் வாசித்தவரும் விலகியதால்தான் ஸ்லாஷும் டஃப்பும் ஸ்டீவன் ஆட்லரும் உள்ளே வந்தார்கள்.

நான் இவர்களை நேரில் பார்த்ததில்லை. என் சந்திப்பு ஒலிப்பதிவோடுதான். முதல் தொகுப்பை ஹெட்போனில் கேட்பவர்கள் வலப்பக்கத்தைக் கழற்றிவிட்டு இடக்காதில் வருவதை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வலப்பக்கம் ஸ்லாஷின் கிதார், இடப்பக்கம் இன்னொரு கிதார் கலைஞர், ஆக்ஸலின் ஊர்க்காரரான, இண்டியானா மாநிலத்து லஃபாயெட்டிலிருந்து வந்த இஸ்ஸி ஸ்ட்ராட்லின். இஸ்ஸி குறைவாகவே வாசிப்பார். ஸ்லாஷ் விட்ட இடைவெளியில் இரண்டு அடி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அந்த இடைவெளிகளில்தான் இந்த இசையின் ஆட்டம் இருக்கிறது. அதற்கு அடியில் ஆட்லரின் தாளம் சற்றே துள்ளி ஓடும்.

போதைப் பழக்கத்தால் ஆட்லர் 1990-இல் வெளியேற்றப்பட்டு, தி கல்ட் குழுவிலிருந்து மாட் சோரம் வந்தபின் அந்தத் துள்ளல் போய்விட்டது. 1991 செப்டம்பரில் வெளியான ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ இரண்டாம் தொகுப்பின் முதல் பாடலில் மட்டும் ஆட்லரின் வாசிப்பு எஞ்சியிருக்கிறது. அதை அடுத்த பாடலோடு ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு விளங்கும். சோரம் திறமையில் குறைந்தவர் அல்லர்; பெரிய அரங்குகளை நிரப்பும் கனம் அவர் கையில் இருந்தது. ஆனாலும், அதே ஆண்டு நவம்பரில் இஸ்ஸி விலகி, கில்பி கிளார்க் அந்த இடத்துக்கு வந்தபோதே பழைய குழு முடிந்துவிட்டது என்பது என் கருத்து. ஸ்லாஷின் விலகலைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஏனோ கடந்துவிடுகிறார்கள்.

மீண்டும் கோயம்புத்தூரிலிருந்து:

சென்னை நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 1997-க்குப் பிந்தைய ஆண்டுகளை வெற்றிடமாகக் கருதுவது நியாயமாகாது. தலையில் கோழி வறுவல் வாளியும் முகத்தில் வெள்ளை முகமூடியும் அணிந்த பக்கெட்ஹெட், நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவில் வாசித்த ராபின் ஃபிங்க், ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவிலிருந்து வந்த டாமி ஸ்டின்சன் ஆகியோர் வாசித்த ‘சைனீஸ் டெமாக்ரஸி’ இசைத்தொகுப்பு, பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2008 நவம்பரில் வெளிவந்தது. அதற்குள் பக்கெட்ஹெட் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தொகுப்பை வேறொரு குழுவின் பெயரில் வெளியிட்டிருந்தால் இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்காது.

மும்பையிலிருந்து:

2025 மே மாதம் மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் நான் பார்த்தது, 2016-இல் ஸ்லாஷும் டஃப்பும் திரும்பி வந்த குழுவை. டிரம்ஸில், முன்பு வாசித்துவந்த ஃபிராங்க் ஃபெரர் இல்லை. அவருக்குப் பதிலாக வந்த ஐசக் கார்பென்டர் அந்த மாதத் தொடக்கத்தில்தான் இவர்களுடன் முதல் நிகழ்ச்சியை வாசித்திருந்தார். விசைப்பலகைகளில் டிஸ்ஸி ரீடோடு மெலிசா ரீஸும் இருந்தார். ஸ்லாஷின் தனி வாசிப்புக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தபோது நான் அவருக்கு இணையாக வாசித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஃபோர்டஸைக் கவனித்தேன். 2002 முதல் இருப்பவர், பெங்களூரிலும் வாசித்தவர். இஸ்ஸியின் பகுதிகளை அவர் பிசகில்லாமல் வாசித்தார், ஆனால் இஸ்ஸி விடும் இடைவெளிகளை அவர் விடவில்லை. இஸ்ஸியோ, வருமானத்தைச் சமமாகப் பகிர மற்றவர்கள் விரும்பவில்லை என்று 2016-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆட்லரை அதே ஆண்டில் சின்சினாட்டி உள்ளிட்ட சில ஊர்களில் ஓரிரு பாடல்களுக்கு மட்டும் விருந்தினராக மேடையேற்றினார்கள். அந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றை நேரில் பார்த்த உறுப்பினர் எவரேனும் இருந்தால், ஆட்லர் அமர்ந்ததும் தாளத்தில் வேறுபாடு தெரிந்ததா என்பதை எழுத வேண்டுகிறேன்.