சிறிய காருக்கு எடை குறைந்த ட்ரெய்லர்: வாங்குவதா, செய்வதா?

லெஸ்டர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்திருக்கும் தோட்டத் துண்டுக்கு மண்ணும் உரமும் கொண்டுபோகவும், கோடை ஒன்றுகூடலுக்குத் தமிழ்ப் பள்ளியின் மடக்கு மேசைகளையும் கிடாரங்களையும் ஏற்றிச் செல்லவும் ஒரு சிறிய ட்ரெய்லர் தேவைப்படுகிறது. என்னுடையது 1 லிட்டர் எஞ்சின் கொண்ட ஹேட்ச்பேக். அதன் கெர்ப் எடை (ஆளும் சுமையும் இல்லாத காரின் எடை) 1,050 கிலோ. பழையது ஒன்றை வாங்குவது நல்லதா, அல்லது ஆங்கிள் இரும்பும் பிளைவுட் பலகையும் வாங்கி நானே செய்துவிடலாமா? வெல்டிங் ஓரளவு தெரியும். வீட்டில் இடம் குறைவு என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

ஹாரோ தோட்டம்:
வணக்கம். ட்ரெய்லரைத் தேடுவதற்கு முன், உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதைப் பாருங்கள். இங்கே பிரிட்டனில், பிரேக் இல்லாத ட்ரெய்லரின் மொத்த எடை (சுமையோடு சேர்த்து) 750 கிலோவையோ காரின் கெர்ப் எடையில் பாதியையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. ஆகவே சட்டப்படி உங்கள் எல்லை 525 கிலோ. ஆனால் கார் நிறுவனம் அதைவிடக் குறைவாக வரையறுத்திருந்தால் அதுவே இறுதி. வி5சி பதிவுப் பத்திரத்தில் ஓ.2 என்ற கட்டத்தில் அந்த எண் இருக்கும். அங்கே எதுவும் இல்லையென்றால் காரின் கையேட்டைப் பாருங்கள். சில கார்கள், குறிப்பாகச் சில பழைய ஹைபிரிட்கள், இழுப்பதற்கு அனுமதி பெறாதவை.

அடுத்தது மண்ணின் எடை. 120 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள பெட்டி பார்ப்பதற்குச் சின்னதுதான். ஈர மண்ணை விளிம்புவரை நிரப்பினால் அது ஏறத்தாழ 490 கிலோ வந்துவிடும். ட்ரெய்லரின் சொந்த எடை இதில் சேரவில்லை. மட்கிய உரம் என்றால் அதில் பாதிகூட வராது. எனவே பெரிய பெட்டி கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், மண் ஏற்றும்போது பாதியோடு நிறுத்துங்கள். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண பி வகை உரிமமே போதும்.

பட்டறைக்காரன்:
செய்வதில் தவறில்லை, ஆனால் பணம் மிச்சமாகும் என்று எண்ணிச் செய்யாதீர்கள். சட்டமும் பலகையும் மலிவுதான், செலவு முழுவதும் ரப்பர் சஸ்பென்ஷன் பொருத்திய அச்சு, ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), சக்கரம், காரின் கொக்கியிலுள்ள 50 மி.மீ. பந்தில் மாட்டும் கப்ளிங், விளக்குகள் ஆகியவற்றில்தான் போகும். இவற்றைப் புதிதாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால், நல்ல நிலையிலுள்ள பழைய ட்ரெய்லரின் விலையை எட்டிவிடும்.

அப்படியும் செய்வதென்றால், அச்சைப் பெட்டியின் நட்டநடுவில் வைக்காமல் சற்றுப் பின்தள்ளி வையுங்கள். முன்பக்கம் சிறிதளவு பாரம் இறங்கினால்தான் ட்ரெய்லர் நேராக வரும், பின்பாரம் கூடினால் வேகத்தில் வாலாட்டத் தொடங்கிவிடும். இழுவைத் தண்டைக் குட்டையாக விடாதீர்கள். குட்டைத் தண்டுள்ள வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, ஸ்டியரிங்கைத் திருத்துவதற்குள் அது மடங்கி நின்றுவிடும். துத்தநாகம் பூசிய சட்டத்தை வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டு இணையுங்கள், அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும்.

பிரேக் இல்லாத ட்ரெய்லரின் இடப்பக்கத்தில் அதன் அதிகபட்ச மொத்த எடையைக் கிலோவில் எழுதியிருக்க வேண்டும். பின்னால் இரண்டு சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான்களும், காரின் அதே எண்ணுடன் மஞ்சள் பலகையும் தேவை. கப்ளிங் கழன்றாலும் முனை தரையைத் தொடாதபடி ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும்.

லெஸ்டர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பத்திரத்தில் ஓ.2 கட்டத்தில் 450 என்று இருக்கிறது. அருகிலேயே ஒருவர் வளைத்து மடித்த உலோகத் தகட்டால் ஆன, 8 அங்குலச் சக்கரம் கொண்ட பழைய ட்ரெய்லரை விற்கிறார். வெறும் எடை 90 கிலோவாம், சுவரில் சாய்த்து நிறுத்தவும் முடியுமாம். பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பட்டறைக்காரன்:
உங்கள் காருக்கு அது பொருத்தமான எடை. 360 கிலோ வரை ஏற்றலாம், ட்ரெய்லரில் எழுதியுள்ள மொத்த எடை 450 கிலோவைவிடக் குறைவாக இருந்தால், அதில் 90 கிலோவைக் கழித்து வரும் அளவோடு நிறுத்துங்கள். முதலில் டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கிலக்க எண்ணைப் படியுங்கள்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இத்தகைய வண்டிகள் மாதக்கணக்கில் நின்றுகிடப்பதால், பட்டன் தேயாமலே டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். பிறகு ஒரு பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ உறுமலோ இருந்தால் பேரிங் மாற்ற வேண்டும். 8 அங்குலச் சக்கரம் கார்ச் சக்கரத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழல்வதால், பேரிங் கிரீஸில் அலட்சியம் கூடாது. வாங்கியபின் முதல் நீண்ட ஓட்டத்தில் இடையே நிறுத்தி ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத அளவு சூடாக இருக்கக்கூடாது.

தரைத் தகட்டை மேலிருந்து பார்த்துத் திருப்தி அடையாமல், நிமிர்த்தி வைத்து அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள்; துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஹாரோ தோட்டம்:
ஒன்று விட்டுப்போயிற்று. காரில் இழுவைக் கொக்கி இன்னும் இல்லையென்றால், அந்த மாடலுக்கென்றே வகை அங்கீகாரம் (சோதித்துத் தரப்படும் அதிகாரபூர்வ ஒப்புதல்) பெற்றதைத்தான் பொருத்த வேண்டும். 1998 ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பின் வந்த கார்களுக்கு இது கட்டாயம். கொக்கியும் மின் இணைப்பும் சேர்ந்து ட்ரெய்லரைவிட அதிக விலை ஆகலாம் என்பதால், அந்த மதிப்பீட்டைக் கேட்டுவிட்டு விற்பவரிடம் பேசுங்கள். தோட்டக் கழிவையும் கொண்டுபோவதானால், உங்கள் கவுன்சிலின் கழிவு நிலையம் ட்ரெய்லருக்கு முன்அனுமதி கேட்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கேட்கிறார்கள்.