15,000 அடிக்கு மேல் சிப்பாயின் மூளை மந்தமாகிறதா, இல்லை இது மிகைப்படுத்தலா?

பழையபட்டாளம்:
மலை உச்சிக் காவலில் இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் பற்றாமல் புத்தி மழுங்கிவிடுகிறது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ராணுவம் யாரையும் நேராகக் கொண்டுபோய் உச்சியில் இறக்கிவிடுவதில்லை. இந்திய ராணுவத்தில் 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அப்புறம் 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் போக இன்னொரு 4 நாள் என்று படிப்படியாகத்தான் உடலைப் பழக்குகிறார்கள். அதை முடித்தவன் கீழே இருப்பவனைப் போலத்தான் வேலை பார்ப்பான். மீதி மனத்திடம். நானும் மேலே இருந்தவன்தான்.

நாடித்துடிப்பு:
சார், அந்த நாள் கணக்கு நுரையீரலில் நீர் கோப்பதையும் மூளை வீக்கத்தையும் தடுக்கத்தான். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் பழகிவிட்டால் கடல்மட்டத்து ஆளாகிவிடலாம் என்பது சரியில்லை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். 5,500 மீட்டரில் அது ஏறக்குறைய பாதி. உடல் வேகமாக மூச்சு வாங்கும், அதனால் ரத்தத்தில் ஏறும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சில நாட்களில் சரிக்கட்டும், சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் கூடும். இத்தனைக்குப் பிறகும் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும், கடல்மட்டத்தில் 97, 98 சதவீதம் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அங்கே அந்த எண்ணைத் தொடாது.

கைக்குப் பழகிய வேலைகள் பெரிதாகக் கெடாது. துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவதில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. புதிதாக ஒன்றைக் கற்பது, கணக்குப் போடுவது, இரண்டு வழிகளில் எது ஆபத்து குறைவு என்று எடைபோடுவது, இதிலெல்லாம்தான் தாமதமும் பிழையும் வரும். இரவுப் பார்வை இதற்கெல்லாம் முன்பே குறையத் தொடங்கும். இரவில் பறக்கும் விமானிகளுக்கு 5,000 அடியிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

பழையபட்டாளம்:
அப்படியானால் 1999-ல் கார்கிலில் 16,000 அடிக்கு மேல் இருந்த டைகர் ஹில் செங்குத்துப் பாறையில் ராத்திரியில் கயிறு கட்டி ஏறியவர்களுக்கு என்ன மூளை, தம்பி?

நாடித்துடிப்பு:
ஏறினார்கள், யார் இல்லை என்றது? முயற்சியால் குறையை ஈடுகட்டலாம், ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டே போகும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வாரக்கணக்கில் அங்கேயே இருப்பவனிடம் அந்தக் கையிருப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

சும்மாவந்தவன்:
நீங்கள் இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். எரிச்சல், சோர்வு, மறதி எல்லாவற்றையும் ஆக்சிஜன் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. குளிர், தூக்கமின்மை, வெள்ளையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத நாட்கள், வீட்டுக் கவலை. இதே கூடாரத்தைக் கடற்கரையில் போட்டு மூன்று மாதம் அடைத்து வைத்தாலும் மனுஷன் கடுகடுப்பான்.

நாடித்துடிப்பு:
நல்ல சந்தேகம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அழுத்தம் குறைத்த அறைகளில் சோதிக்கிறார்கள். 1985-ல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் 8 பேரை 40 நாள் அப்படியொரு அறையில் வைத்து, எவரெஸ்ட் உச்சி அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்தார்கள். குளிர் இல்லை, பனிப்புயல் இல்லை, வேண்டிய அளவு சாப்பாடு இருந்தது. அப்படியும் பசி போய் எடை இறங்கியது.

தூக்கத்தை வேறு காரணமாக ஒதுக்கவும் முடியாது. மேலே தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வாங்கி, மறுபடி நிற்கும். ஆள் திடுக்கிட்டு விழிப்பான். அதைச் செய்வதும் அதே ஆக்சிஜன் குறைவுதான்.

எனக்குப் பயமே மனநிலை மாற்றத்தில்தான். திடீரென உயரத்துக்குப் போனவனுக்கு முதல் சில மணி நேரம் லேசான போதை மாதிரி ஒரு உற்சாகம்கூட வரலாம், பிறகு சிடுசிடுப்பு, எதிலும் ஒட்டாமை. தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் சத்தியம் செய்வான். விமானிகளை அழுத்த அறையில் வைத்து எழுதச் சொன்னால், அழகாக எழுதியதாக நினைத்துக்கொண்டு கிறுக்கியிருப்பார்கள். கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளையே கோளாறில் இருக்கும்போது மனத்திடம் எதைப் பிடித்து நிற்கும்?

பழையபட்டாளம்:
இதையெல்லாம் மேலே போகப்போகும் பையனிடம் சொன்னால் அவன் ஏறும் முன்பே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். பயமும் தலைவலி தரும், அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள். காவலைக் காலி செய்துவிட்டு வரச் சொல்கிறீர்களா?

நாடித்துடிப்பு:
காலி செய்யச் சொல்லவில்லை. தலைவலி என்று சொன்னவனைக் கோழை என்று கேலி செய்யும் பழக்கத்தை நிறுத்தச் சொல்கிறேன். 1962 போரை ஒட்டி அவசர அவசரமாக மலையேற்றப்பட்ட வீரர்களில் நோய்ப்பட்ட 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1969-ல் எழுதினார்கள். அவர்கள் நோஞ்சான்கள் இல்லையே சார். உடல்வலு இதில் காப்பாற்றாது, வலுவானவன் வேகமாக ஏறிச் சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் உண்டு. மூளை வீங்கத் தொடங்கி, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தடுமாறுகிறவனை 'கோபத்தில் பேசாமல் இருக்கிறான்' என்று விட்டுவிட்டால் விடியும்போது எழுப்ப முடியாமல் போகலாம். உடனே கீழே இறக்குவதுதான் முக்கியமான வைத்தியம்.

சும்மாவந்தவன்:
உயர மலைநோய்க்குத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை போட்டால் போதாதா?

நாடித்துடிப்பு:
பழகுவதை வேகப்படுத்தும், தூக்கத்தில் மூச்சும் கொஞ்சம் சீராகும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும். இழந்த நிதானத்தை மாத்திரை திருப்பித் தராது.

பழையபட்டாளம்:
இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒருவரை ஒருவர் கவனிக்க வைப்பது எங்கள் காலத்திலேயே உண்டு, புதிதாகச் சொல்ல வேண்டாம். ஒன்று கேட்கிறேன். கட்டளையிடும் அதிகாரியும் அதே உயரத்தில்தான் இருக்கிறார். அவரை யார் கவனிப்பது?

நாடித்துடிப்பு:
பெரிய முடிவுகளை வயர்லெஸ்ஸில் கீழே இருக்கும் தளத்தோடு சரிபார்த்துவிட்டுச் செய்யலாம். திட்டத்தையும் ஏறும் முன்பே எழுதி வைக்கலாம்.

பழையபட்டாளம்:
கீழே ஹீட்டர் பக்கத்தில் இருப்பவனுக்கு ஆக்சிஜன் நிறைய இருக்கும், பனிச்சரிவு எந்தப் பக்கம் விரிசல் விட்டிருக்கிறது என்பது தெரியாது. தலை வலித்தாலும் அந்த முடிவு மேலே இருப்பவனுடையதுதான், இதில் நான் மாறப்போவதில்லை.