புதுப்பிப்பு: மனை போடாத நிலத்துக்கு வரிச்சலுகை உண்டா?

கடலூரை ஒட்டிய எங்கள் நஞ்சையை மனை போடாமல் வைத்திருந்தால் வரிச்சலுகை உண்டா என்று கேட்டிருந்தேனே, ஆடிட்டரிடம் விசாரித்துவிட்டேன்.

அமெரிக்காவில் கட்டடம் கட்டும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதினால், அதன் மதிப்பை வருமானத்தில் கழிக்கலாமாம். நம் ஊரில் அப்படி இல்லை. சாகுபடி வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அவ்வளவுதான்.

விற்கும்போதுதான் சிக்கல். கடலூரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியதால், மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) உண்டு. தூரம் வான்வழிக் கணக்கு. அப்பா பைக்கில் போய் அளந்தது செல்லாது! விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் பயிர் செய்திருந்து, விற்ற 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதில் போட்ட தொகை அளவுக்கு விலக்கு.

பயிர் செய்ததற்கு அடங்கல்தான் (பயிர் விவரம் பதியும் கிராமக் கணக்கு) ஆதாரம் என்றார் ஆடிட்டர். எங்கள் அடங்கலில் போன வருஷம் 'தரிசு' என்று இருக்கிறது. நாளைக்கு விஏஓவைப் பார்க்க வேண்டும்.